பட்டாணி அளவு துத்தநாகம் – சர் ஹம்ப்ரி டேவியின் வாழ்க்கை

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஊர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. கடலுக்கும் நமக்கும் ரொம்ப தூரம். அப்படியிருக்க, நம்ம பக்கத்து மாணவர்கள் படிக்கிற மலரில் கப்பலைப் பற்றியும் படகைப் பற்றியும் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். போடி வழியாக மலையேறிப் போகிற நெடுஞ்சாலைக்குக் கொச்சி - தனுஷ்கோடி சாலை என்று பெயர். அதன் இரண்டு முனையிலும் கடல்தான் இருக்கிறது. போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மூணாறு தாண்டி, இறங்கிக்கொண்டே போனால் கொச்சி. அந்தக் கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1822-ல் தண்ணீரில் இறக்கப்பட்ட ஒரு கப்பலில்தான், இன்று உலகத்திலுள்ள அத்தனை அலுமினியப் படகுகளையும் அரிப்பிலிருந்து காப்பாற்றும் தத்துவம் கடலில் பரீட்சை செய்து பார்க்கப்பட்டது. பரீட்சை வைத்தவர் சர் ஹம்ப்ரி டேவி.

சுரங்க விளக்கைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்திலேயே அவர் பெயரை ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அவர் வாழ்க்கையில் விளக்கைவிட நமக்கு அதிகமாகப் பாடம் சொல்லித் தருவது ஒரு தோல்வி. டெக்னீஷியனாகப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தோல்வி அது.

மரச் சிற்பியின் மகன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பகுதி. தகரம், செம்புச் சுரங்கங்கள் நிறைந்த பூமி. அங்கே பென்சான்ஸ் என்ற துறைமுக ஊரில் 1778 டிசம்பர் 17-ம் தேதி ஹம்ப்ரி டேவி பிறந்தார். அப்பா ராபர்ட் மரச் சிற்ப வேலை செய்பவர். ஐந்து குழந்தைகளில் மூத்தவர் ஹம்ப்ரி. 1794-ல் அப்பா இறந்துபோனார். மிச்சம் வைத்துவிட்டுப் போனது கடன்தான். மூத்த பிள்ளைக்கு அப்போது பதினாறு வயதுகூட நிரம்பவில்லை.

நம்ம வீடுகளில் என்ன செய்வோம்? மூத்தவனை ஏதாவது ஒரு வேலையில் சேர்த்துவிடுவோம். டேவியின் அம்மாவும் அதைத்தான் செய்தார். 1795-ல் அதே ஊரில் போர்லேஸ் என்ற அறுவை வைத்தியரிடம் கையாளாகச் சேர்த்துவிட்டார். மருந்து இடிப்பது, கலப்பது, புட்டியில் அடைப்பதுதான் வேலை. ஆனால் பையன் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியரின் வேதியியல் புத்தகத்தைத் தானே உட்கார்ந்து படித்தான். கையில் கிடைத்த கிண்ணம், குழாய், பழைய மருத்துவக் கருவி எல்லாவற்றையும் வைத்துச் சோதனை செய்தான். கல்லூரி வாசலை மாணவனாக மிதிக்காமலே விஞ்ஞானி ஆனவர் டேவி.

பேரும் புகழும்

1798-ல் பிரிஸ்டல் நகரத்தில் டாக்டர் பெட்டோஸ் என்பவர் வாயுக்களை மூச்சில் இழுத்து நோய் தீர்க்க முடியுமா என்று ஆராயும் ஒரு நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார். இருபது வயது நிரம்பாத டேவி அங்கே சோதனைக்கூடப் பொறுப்பாளர் ஆனார். சிரிப்பூட்டும் வாயு என்கிறோமே, அந்த நைட்ரஸ் ஆக்சைடை எலியிடம் கொடுத்துப் பார்த்ததோடு நிற்காமல் தானே இழுத்துப் பார்த்தார். இதை இழுத்தால் வலி மரத்துப் போகிறது, அறுவை சிகிச்சைக்கு உதவக்கூடும் என்று 1800-ல் வெளிவந்த புத்தகத்தில் எழுதியும் வைத்தார். ஆனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியபோது நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே அவர் பேசிய விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் அலைமோதியது. மேடையிலேயே சோதனை செய்து காட்டுவார். பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அந்தக் காலத்தில்தான் வோல்ட்டா கண்டுபிடித்த பேட்டரி புதுசாக வந்திருந்தது. மின்சாரத்துக்கும் வேதியியலுக்கும் ஏதோ ரகசிய உறவு இருக்கிறது என்று டேவிக்குப் பட்டது. 1807 அக்டோபரில் ஈரமான பொட்டாஷில் பலமான பேட்டரியின் மின்சாரத்தைச் செலுத்தினார். பாதரசம் போல மின்னும் குட்டிக் குட்டி உருண்டைகள் வெளிப்பட்டுத் தீப்பிடித்தன. அதுதான் பொட்டாசியம். சந்தோஷம் தாங்காமல் அவர் சோதனைக்கூடத்தில் குதித்து ஆடினார் என்று அங்கே இருந்த அவருடைய உறவினர் பதிவு செய்திருக்கிறார். சில நாட்களிலேயே சோடியமும் கிடைத்தது. அடுத்த வருஷம், 1808-ல் கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், மெக்னீசியம். ஒரே ஆள், ஒரே பேட்டரி முறை, ஆறு உலோகங்கள்!

பெயர் வைத்தார், பிள்ளையைப் பார்க்கவில்லை

இதே சமயத்தில் டேவி இன்னொரு உலோகத்துக்கும் வலைவீசினார். சலூனில் முகச்சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே படிகாரக் கல், அதற்குள் ஓர் உலோகம் ஒளிந்திருக்கிறது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. படிகாரத்துக்கு லத்தீனில் அலுமென் என்று பெயர். அதை வைத்துப் பிறக்காத பிள்ளைக்கு முதலில் அலுமியம் என்று பெயர் வைத்தார். பிறகு அலுமினம் என்றார். கடைசியில் அலுமினியம் என்று நிலைத்தது.

பெயர் வைத்தாரே தவிர, அந்த உலோகத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. ஏன்? அலுமினியம் ஆக்சிஜனை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்கிறது. டென்மார்க் நாட்டு ஊர்ஸ்டெட் 1825-லும், ஜெர்மனியின் வோலர் 1827-லும்தான் அதைப் பிரித்தார்கள். மலிவாகத் தயாரிக்கும் மின்பகுப்பு முறை 1886-ல்தான் வந்தது.

இந்த 'இறுகப் பிடிக்கும்' குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். காற்று பட்ட உடனே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் படர்ந்துவிடும். அந்தப் போர்வைதான் அலுமினியத்தைக் காப்பாற்றுகிறது. போர்வை கிழிந்து, மூடிக்கொள்ள வழியில்லாமல் போனால் பிறகு உலோகம் கரைய ஆரம்பித்துவிடும்.

விளக்கு

1812-ல் டேவிக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே வாரத்தில் பணக்கார விதவையான ஜேன் அப்ரீஸைத் திருமணம் செய்துகொண்டார். அந்த வருஷக் கடைசியில் ஒரு சோதனையில் வெடிப்பு ஏற்பட்டுக் கண்ணில் காயம் பட்டது. எழுத உதவி தேவைப்பட்ட சமயத்தில் வந்து சேர்ந்தவர்தான் புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த மைக்கேல் ஃபாரடே. 1813-ல் அவரை உதவியாளராக எடுத்துக்கொண்டார் டேவி.

1812-ல் ஃபெல்லிங் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டார்கள். அந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான் 1815-ல் டேவி செய்த பாதுகாப்பு விளக்கு. சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. வலை சூட்டை வாங்கிப் பரப்பிவிடுவதால் வெளியே இருக்கும் வாயு பற்றாது. அதே காலத்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் ஒரு விளக்கு செய்திருந்ததால், யார் முதல் என்று பெரிய சண்டை நடந்தது. எது எப்படியிருந்தாலும், டேவி தன் விளக்குக்குக் காப்புரிமை வாங்கவில்லை. சுரங்கத் தொழிலாளியின் உயிரை வைத்துச் சம்பாதிக்க அவருக்கு மனமில்லை.

1820-ல் ராயல் சொசைட்டியின் தலைவர் ஆனார். கடன்கார வீட்டுப் பிள்ளை, நியூட்டன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்! புகழ் ஏற ஏற கர்வமும் ஏறியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. தான் வளர்த்த ஃபாரடேயே 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராவதை எதிர்த்தார். பெரிய மனிதருக்கும் சின்ன மனசு வரும் நேரம் உண்டு.

கப்பலின் செம்புச் சட்டை

இப்போது கப்பலுக்கு வருவோம். அந்தக் காலத்துக் கப்பல்கள் மரத்தால் ஆனவை. கடல் புழு மரத்தைத் துளைத்துத் தின்றுவிடும். பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்துவிடும். இதற்கு மருந்தாக 1761-ல் 'அலார்ம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுக்கச் செம்புத் தகடு போர்த்தினார்கள். புழுவும் இல்லை, பாசியும் இல்லை. ஆனால் 1763-ல் சோதித்துப் பார்த்தபோது, தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்து கூழாகிக் கிடந்தன. சில ஆணிகள் மட்டும் புதுசு போல இருந்தன. காரணம், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழிபடாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருந்தது. இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொடாத இடத்தில் அரிப்பு இல்லை. இதன் அர்த்தம் அன்று முழுசாகப் புரியவில்லை.

ஆணிப் பிரச்சனை தீர்ந்த பிறகு செம்பே தேய ஆரம்பித்தது. சில வருஷத்திலேயே தகடு ஓட்டை விழுந்தது. கடற்படைக்குப் பெரும் செலவு. 1823-ல் கடற்படை நிர்வாகம் ராயல் சொசைட்டியிடம் யோசனை கேட்டது. தலைவரான டேவியே வேலையில் இறங்கினார்.

செம்பில் கலப்படம் இருப்பதால்தான் அரிக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டேவி சோதித்துப் பார்த்தார். சுத்தமான செம்பும் கடல் நீரில் அரித்தது. கடல் நீரும் அதில் கரைந்திருக்கும் காற்றும் சேர்ந்துதான் செம்பைத் தின்கின்றன என்று கண்டார். இது வெறும் ரசாயன வேலை இல்லை, மின்சார வேலை. அப்படியானால் மின்சாரத்தாலேயே இதைத் தடுக்கலாமே!

இது புரிய நாம் லேபுக்குக்கூடப் போக வேண்டாம், ஏலத்தோட்டத்துக்குப் போனால் போதும். அழுகல் நோய்க்கு போர்டோ கலவை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலக்கி முடித்ததும் அனுபவஸ்தர்கள் பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் அதில் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்றுவார்கள். இந்தக் கலவையை இரும்பு, அலுமினியப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது, பிளாஸ்டிக் அல்லது மரத் தொட்டியில்தான் கலக்க வேண்டும் என்றும் சொல்லுவாங்க.

கத்தியில் என்ன நடந்தது? மயில்துத்தம் செம்பின் உப்பு. இரும்பு தன்னைக் கரைத்துக்கொண்டு கொடுக்கிறது, செம்பு அதை வாங்கிக்கொண்டு உலோகமாக ஒதுங்குகிறது. உலோகங்களில் கொடுக்கிற குணம் அதிகமுள்ளவை, குறைவானவை என்று ஒரு வரிசை இருக்கிறது. மெக்னீசியம் பெரிய வள்ளல். பிறகு கடல் நீரில் துத்தநாகம், அலுமினியம், இரும்பு என்று வரிசை இறங்கும். செம்பு கஞ்சன். வரிசையில் தள்ளியிருக்கும் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் இருந்தால் வள்ளல் கரைவான், கஞ்சன் பிழைத்துக்கொள்வான். அவர்கள் கொடுத்து வாங்குவது எலக்ட்ரான். எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897-ல்தான். அது தெரியாமலே டேவி விஷயத்தைப் பிடித்துவிட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

செம்போடு ஒரு சின்னத் துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ தொடும்படி சேர்த்துக் கடல் நீரில் போட்டார் டேவி. செம்பு அப்படியே பளபளப்பாக இருந்தது. துத்தநாகம் கரைந்தது. பட்டாணி அளவு துத்தநாகம் நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காப்பாற்றியது. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் பெரிய தகடுகளை வைத்துப் பல வாரம் சோதித்தார். காக்கும் உலோகத்தின் பரப்பு செம்பின் பரப்பில் 40-ல் ஒரு பங்கிலிருந்து 150-ல் ஒரு பங்குவரை இருந்தால் அரிப்பே இல்லை. 200-ல் ஒரு பங்குக்குக் கீழே குறையக் குறைய அரிப்புத் தலைகாட்டியது. 1824-ல் இதையெல்லாம் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். இன்று நாம் கத்தோடிக் பாதுகாப்பு என்று படிக்கிற பாடத்தின் முதல் பக்கம் அதுதான்.

கொச்சியில் பிறந்த சமராங்

சோதனைக்குக் கிடைத்த கப்பல்களில் ஒன்று 28 பீரங்கிகள் கொண்ட 'சமராங்'. தொடக்கத்தில் சொன்ன கொச்சிக் கப்பல் இதுதான். இந்தியாவிலேயே செம்பு போர்த்தப்பட்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்திருந்தது. 1824-ல் அதன் முன்பக்கமும் பின்பக்கமும் இரும்புக் காப்பான்களைப் பொருத்தி அட்லாண்டிக் கடல் தாண்டி நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். 1825 ஜனவரியில் திரும்பி வந்தது. செம்பு நன்றாகவே இருந்தது. டேவிக்குப் பெருமை பிடிபடவில்லை. கடற்படையும் பல கப்பல்களில் காப்பான்களைப் பொருத்தத் தொடங்கியது.

வெற்றியே தோல்வியான கதை

அப்புறம்தான் வினை வந்தது. காப்பான் பொருத்திய பல கப்பல்களில், முக்கியமாகத் துறைமுகத்தில் அசையாமல் நின்றவற்றில், பாசியும் சிப்பியும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. கப்பல் நகர மறுத்தது. செம்பு பத்திரமாக இருந்தது. ஆனால் கப்பல் உபயோகமில்லாமல் போனது!

ஏன் இப்படி? செம்புத் தகட்டில் சிப்பி ஒட்டாததற்குக் காரணமே செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததுதான். கரைந்த செம்பு சிப்பிக் குஞ்சுக்கு விஷம். டேவி கரைவதை நிறுத்தினார், விஷமும் நின்றது. எதை நோய் என்று நினைத்துத் தடுத்தாரோ, அதுவே இன்னொரு நோய்க்கு மருந்தாக இருந்திருக்கிறது. கண்ணாடிக் குவளையில் சிப்பி கிடையாது. அதனால் குவளை இந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

1825-லேயே கடலில் ஓடும் கப்பல்களிலிருந்து காப்பான்களைக் கழற்றச் சொல்லிக் கடற்படை உத்தரவு போட்டது. பத்திரிகைகள் கேலி செய்தன. ஊரே கொண்டாடிய மனிதருக்கு இது பெரிய அடி. மனம் கசந்துபோனார். 1826 கடைசியில் பக்கவாதம் தாக்கியது. 1827-ல் ராயல் சொசைட்டி தலைவர் பதவியை விட்டார். உடம்பு தேற ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றினார். சின்ன வயதிலிருந்தே தூண்டில் போடுவதில் பிரியம் உள்ளவர் என்பதால் மீன்பிடிப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதி ஆறுதல் தேடிக்கொண்டார். 1829 மே 29-ம் தேதி ஜெனீவாவில் கண்ணை மூடினார். வயது ஐம்பதுதான். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகள் கிடையாது.

ஆனால் தத்துவம் சாகவில்லை. அவருடைய உறவினர் எட்மண்ட் டேவி, கடலில் மிதக்கும் வழிகாட்டி மிதவைகளின் இரும்புப் பாகங்களைத் துத்தநாகக் கட்டி வைத்துக் காப்பாற்றிக் காட்டினார். பிறகு கப்பல்கள் இரும்புக்கு மாறின. இரும்பு கரைந்தாலும் சிப்பிக்கு விஷமில்லை. ஆகவே கரைவதை நிறுத்துவதால் நஷ்டம் எதுவும் இல்லை. டேவியின் காப்பான் திரும்பி வந்துவிட்டது. இன்று கப்பல், துறைமுகத் தூண், பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய் எல்லாவற்றிலும் அதுதான் காவல்காரன்.

அலுமினியப் படகும் டேவியும்

டேவி பெயர் வைத்த உலோகத்தில் படகு கட்ட ஆரம்பித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1895-ல் அமெரிக்காவில் 'டிஃபெண்டர்' என்று ஒரு பந்தயப் பாய்க்கப்பல் கட்டினார்கள். தண்ணீருக்குக் கீழே வெண்கலம், மேலே அலுமினியம், உள்ளே எஃகுச் சட்டம். எடை குறைவு என்பதால் பந்தயத்தில் ஜெயித்தது. ஆனால் வள்ளலையும் கஞ்சனையும் ஒரே உப்புத் தண்ணீரில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? அலுமினியம் அரித்துப் போய் 1901-ல் கப்பலை உடைத்துப் போட்டுவிட்டார்கள். டேவியின் வரிசையைப் படித்திருந்தும் மறந்ததன் விலை அது.

இன்றைய படகுகளுக்கு மெக்னீசியம் கலந்த அலுமினியக் கலவை உலோகம் பயன்படுகிறது. 5083 என்பது அதில் பேர்போன ரகம். சுத்தமாக வைத்திருந்தால் பெயின்ட் இல்லாமலேகூட வருஷக்கணக்கில் உழைக்கும். தொல்லை பெரும்பாலும் பெயின்ட் அடித்த பிறகுதான் வருகிறது. சில மாதத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும். குத்திப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. அது அலுமினிய ஹைட்ராக்சைடு. கரைந்த உலோகத்தைவிட அது அதிக இடம் பிடிக்கும். அதனால் பெயின்டை மேலே தூக்கிவிடுகிறது. அந்தப் பொடி ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்து இடத்தையும் தின்னும்.

இதைத் தடுக்க நாலு விஷயம் தெரிந்தால் போதும். நாலிலும் டேவி இருக்கிறார்.

முதலாவது, அடித்தளம். எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் போகக் கழுவ வேண்டும். பெயின்டுக்கு அடியில் உப்பு மிச்சமிருந்தால் அது தண்ணீரை உள்ளே இழுத்துக் கொப்புளம் போட வைக்கும். பிறகு பழைய ஆக்சைடு போகத் தேய்க்க வேண்டும். சாதாரண இரும்பு பிரஷ் வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் அங்கேயே அரிப்பு ஆரம்பிக்கும். தேய்த்து முடித்து நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விடக் கூடாது. அலுமினியம் சும்மா இருக்காது, மறுபடி ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். சில மணி நேரத்துக்குள் அலுமினியத்துக்கென்றே உள்ள எபாக்ஸி பிரைமர் ஏற வேண்டும்.

இரண்டாவது, பிரிப்பு. வெண்கல வால்வு, எஃகு போல்ட் எதுவும் அலுமினியத்தை நேராகத் தொடக் கூடாது. நடுவே நைலான் வாஷரோ ரப்பரோ போட வேண்டும். அலார்ம் கப்பலின் ஆணியைக் காப்பாற்றிய பழுப்புக் காகிதத்தின் பேரன்தான் இந்த நைலான் வாஷர்.

மூன்றாவது, காவல் உலோகம். கடலில் ஓடும் படகுக்குத் துத்தநாகக் கட்டி அல்லது அதற்கென்று செய்த அலுமினியக் கலவைக் கட்டி. ஏரி, அணை போன்ற நல்ல தண்ணீரில் துத்தநாகம் சரியாக வேலை செய்யாது. அங்கே மெக்னீசியம் வேண்டும். அந்த மெக்னீசியத்தையும் 1808-ல் கண்டுபிடித்தவர் டேவியே! கட்டி உலோகத்தோடு நேராகத் தொட வேண்டும், அதன் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது. கரையாத கட்டி வேலை செய்யாத கட்டி. அது தேய்வதைப் பார்த்து வருத்தப்படாமல், பாதிக்கு மேல் தேய்ந்ததும் மாற்ற வேண்டும்.

காவலும் அளவோடு இருக்க வேண்டும். ஏரிப் படகின் மெக்னீசியக் கட்டியோடு கடலில் இறங்கினால் காவல் மிஞ்சிப் போய், உலோகத்தின் மேல் காரம் உண்டாகும். காரம் பெயின்டையும் தூக்கும், அலுமினியத்தையும் கரைக்கும். காப்பாற்ற வந்தவனே கொப்புளம் போட்டுவிடுவான். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது அனோடுக்கும் பொருந்தும்.

நான்காவதுதான் முக்கியம். சிப்பி ஒட்டாமலிருக்கப் படகின் அடியில் அடிக்கிற பெயின்ட் பெரும்பாலும் செம்பு ஆக்சைடு கலந்தது. மரப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் அது சரி. அலுமினியப் படகுக்கு அடித்தால்? கீறல் விழுந்த இடத்தில் செம்பு அலுமினியத்தின் மேல் படியும், அலுமினியம் குழி குழியாகக் கரையும். மயில்துத்தத்தில் முக்கிய கத்தியின் கதைதான். ஒரு காலத்தில் இதற்கு மாற்றாக இருந்த வெள்ளீயச் சேர்மப் பெயின்ட் கடல்வாழ் உயிர்களைக் கெடுக்கிறது என்று 2008 முதல் சர்வதேச ஒப்பந்தப்படி தடையாகிவிட்டது. ஆகவே அலுமினியத்துக்கென்றே செம்பு உலோகமோ செம்பு ஆக்சைடோ இல்லாமல் வரும் பெயின்டைத் தேடி வாங்க வேண்டும். சிப்பியை ஓட்டுவது ஒரு வேலை, உலோகத்தைக் காப்பது இன்னொரு வேலை. ஒன்றைச் செய்யும்போது மற்றொன்றைக் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். டேவி தன் புகழைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

நமக்கு என்ன?

நம்ம சாலையின் ஒரு முனையில் கொச்சியில் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கிழக்கே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது அது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோக அரிப்பைத் தடுப்பது அங்கே ஒரு முக்கியமான ஆராய்ச்சி. மண்டபம் கடற்கரையில் உப்புக் காற்றில் உலோகத் துண்டுகளை வைத்து அரிப்பை அளக்கிறார்கள். டேவி போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் செய்ததன் தொடர்ச்சிதான் அது. டிப்ளமோ முடித்தவருக்கும் அங்கெல்லாம் வேலை உண்டு.

கடல் பக்கம் போகாதவருக்கும் இந்தப் பாடம் உதவும். தோட்டத்தில் ஸ்பிரேயர் ரிப்பேர் பார்த்தாலும், ஏலக்காய் ஸ்டோரில் தகட்டு வேலை பார்த்தாலும், மோட்டார் வயரிங் செய்தாலும், எந்த உலோகம் எதைத் தொடுகிறது, நடுவே ஈரம் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். பாதி ரிப்பேர் வராமலே போகும்.

எந்த வேலையிலும் ஒரு கெடுதலை நிறுத்துமுன், அது அங்கே வேறு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் மாமேதை டேவி சறுக்கினார். நாம் கேட்டுப் பழகினால் அவர் சறுக்கியதும் வீண் போகாது. தன்னைக் கரைத்துத் துணையைக் காக்கும் அந்தப் பட்டாணி அளவு துத்தநாகத்தைப் போல, அந்தத் தோல்வியும் இருநூறு வருஷமாக எத்தனையோ கப்பல்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.